அந்த அறையைக் காலி பண்ணுவதற்கு முன்

கேள்வி:

அம்மா, எனக்கு வயது 23. பி.எஸ்சி. முடித்து, நூலக அறிவியலில் பி.லிப். படித்திருக்கிறேன். எங்கள் ஊரில் உள்ள அரசு உதவிபெறும் பள்ளியில், நூலக - ஆவணக்காப்பு உதவியாளர் பயிற்சியில் ஜூன் மாதம் சேர்ந்தேன். ஓராண்டுப் பயிற்சி. அப்பா படித்த பள்ளியும் அதுதான். நான்கு மாதமாகப் புத்தகங்களுக்கு பிரவுன் அட்டை போடுகிறேன், முத்திரை குத்துகிறேன், டீச்சர் வராத வகுப்பில் போய் உட்காருகிறேன். அடுத்த ஆண்டு பள்ளிக்கு நூற்றாண்டு விழா. மாடிப்படிக்கு அடியில் உள்ள அறையில் பழைய ரிஜிஸ்டர்கள், கடிதக் கட்டுகள், போட்டோக்கள் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. "விழா மலருக்கு நாலு போட்டோ எடுத்துக்கிட்டு, மீதியை எடைக்குப் போட்டுட்டு, தீபாவளிக்குள்ள அறையைக் காலி பண்ணும்மா" என்கிறார் எங்கள் நூலகர் ஐயா. மார்ச்சில் ஓய்வு பெறப் போகிறவர், நல்ல மனிதர். எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. வீட்டிலோ, "இதை விட்டுவிட்டு பி.எட். படி" என்கிறார்கள். நான் என்ன செய்வது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தில் மூன்று கவலைகள் இருக்கின்றன. அவற்றில் கெடு வைத்திருப்பது அந்த அறைக்கு மட்டும்தான். பி.எட். அடுத்த ஆண்டும் இருக்கும். எடைக்குப் போன கட்டு மறுநாளே கூழாகிவிடும். அதனால் அறையிலிருந்தே தொடங்குகிறேன்.

முப்பது ஆண்டுக்கு மேல் பள்ளி நூலகங்களில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். அந்தக் குவியலில் அட்மிஷன் ரிஜிஸ்டர் ஒன்று கிடந்தாலும், அதை எடைக்குப் போடும் உரிமை யாருக்கும் கிடையாது. அது நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய பதிவேடு. பிறந்த தேதிக்கு வேறு சான்று இல்லாத முதியவர்கள் இன்றைக்கும் அதைத் தேடித்தான் பள்ளிக்கு வருகிறார்கள். உங்கள் ஐயாவுக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் ஓய்வு பெறப் போகிறவருக்கு அந்த அறை ஒரு பெரிய பாரம். "போடக் கூடாது ஐயா" என்று நீ சொன்னால், நேற்று வந்த பெண் பாடம் எடுக்கிறாள் என்று தோன்றும். வேறு மாதிரி கேள். "ஐயா, மார்ச்சில் சார்ஜ் ஒப்படைக்கும்போது இந்த அறையில் என்ன இருந்தது என்று கேட்டால் உங்களுக்குத்தானே சங்கடம்? ஒரு பட்டியல் போட்டு ஹெச்.எம். கையெழுத்து வாங்கிவிடுகிறேன். அதன் பிறகு எதை எடுக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்." இதில் எதிர்ப்பே இல்லை, அவரைக் காப்பாற்றுகிற வேலைதான் இருக்கிறது. பட்டியல் கையில் வந்த பிறகு எதையும் தூக்கிப் போட யாருக்கும் அவ்வளவு சுலபத்தில் மனம் வராது என்பது என் அனுபவம். தாளாளர் வரை விஷயம் போனாலும் உன் கையில் ஒரு காகிதம் இருக்கும்.

அந்தப் பட்டியலை எப்படிப் போடுவது என்பதுதான் உன் பயிற்சியின் மையம் என்று நினைக்கிறேன். பி.லிப். படிப்பு புத்தகத்தை வகைப்படுத்தக் கற்றுக்கொடுத்திருக்கும். தமிழ் இலக்கியமா, நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி முறையில் 894.811, எந்த ஊர் நூலகத்தில் எடுத்தாலும் அதே எண். ஆவணத்துக்கு அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோகாதே. ஒரு கட்டு எந்த வரிசையில் வந்ததோ, யார் கட்டினார்களோ, அதுவே அதன் அர்த்தத்தில் பாதி.

நான் இதை ஒரு தவறு செய்துதான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு பள்ளியின் பீரோவில் சிவப்பு நாடாவால் கட்டிய கட்டு ஒன்று கிடைத்தது. உள்ளே விடுதிக்கு அரிசி வாங்கிய ரசீது, கொத்தனார் கூலிச் சீட்டு, பெற்றோர் எழுதிய சில கடிதங்கள், ஒரு மாணவன் பென்சிலில் எழுதிய விடுப்பு விண்ணப்பம் எல்லாம் கலந்து கிடந்தன. ஒரே நாளில் உட்கார்ந்து ரசீதை ரசீதோடு, கடிதத்தைக் கடிதத்தோடு பிரித்து அழகாக அடுக்கினேன். நாடாவுக்கு அடியில் செருகியிருந்த துண்டுச் சீட்டைக் குப்பையில் போட்டுவிட்டேன். அதில் "புயல் கணக்கு" என்று இரண்டே வார்த்தைகள் எழுதியிருந்தன. சில மாதம் கழித்து, அந்தப் பள்ளியில் முன்பு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் வந்து, "புயலில் விடுதிக் கூரை போனபோது பிள்ளைகளை ஒரு மாதம் எப்படிச் சாப்பிட வைத்தோம் என்ற கணக்கெல்லாம் ஒரே கட்டாக வைத்திருந்தேனே" என்று கேட்டார். காகிதம் ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆனால் எந்த ரசீது அந்த மாதத்துடையது, எந்தக் கடிதம் எதற்காக எழுதியது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு மாதத்தை நான்தான் கலைத்துப் போட்டேன். இன்றும் அந்த நாடாவின் முடிச்சு என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே, முதல் நாள் எதையும் தொடாதே. வாசலில் நின்று அறையை நாலு பக்கமும் போனில் படம் எடு. பிறகு ஒவ்வொரு அலமாரிக்கும் பெட்டிக்கும் ஓர் எண் கொடுத்து, கட்டு இருந்த இடம், மேலே எழுதியிருப்பது, உள்ளே தோராயமாக என்ன, எந்த ஆண்டு, எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுது. ஒரு கட்டுக்கு ஒரு வரி போதும். பிரிக்க வேண்டாம். பென்சில்தான், பேனா அந்த அறைக்குள் வரவே கூடாது.

"எந்த ஆண்டு" என்று நான் சுலபமாகச் சொல்லிவிட்டேன், பாதிக் காகிதங்களில் தேதியே இருக்காது. அதற்குக் காகிதத்தையே சாட்சிக்கு அழைக்க வேண்டும். இந்த வேலையில் எனக்குச் சலிக்காத பகுதி இது. ஃபீஸ் ரசீதில் 2-8-0 என்று மூன்று எண் இருந்தால் அது இரண்டு ரூபாய் எட்டணா. 1957 ஏப்ரலில் தசம நாணயம் வருவதற்கு முந்தையது. "ந.பை." என்று இருந்தால் நயா பைசா, 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. கடிதத் தலைப்பில் தமிழ்நாடு என்று அரசின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1969 ஜனவரிக்குப் பிறகு. அதற்கு முன் மாநிலத்தின் சட்டப்படியான பெயர் மெட்ராஸ்தான். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. அச்சில் லை, னை எல்லாம் பழைய துதிக்கைக் கொம்போடு இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தையது. இதில் மட்டும் கவனம் வேண்டும். பெரியாரின் பத்திரிகைகள் 1935 முதலே புது எழுத்தில் வந்தன. பழைய எழுத்துகளை வைத்துக்கொண்டிருந்த சிற்றூர் அச்சகங்கள் ஆணைக்குப் பிறகும் கொஞ்ச காலம் அவற்றையே ஓட்டியிருக்கும். ஆகவே அதை ஒற்றைச் சாட்சியாக வைத்து முடிவு கட்டாதே.

தமிழ் ஆண்டுப் பெயர் இருந்தால் இன்னும் நிதானம் தேவை. "குரோதி வருஷம் தை மாதம்" என்று இருக்கிறதென்று வை. குரோதி 1964 ஏப்ரலில் பிறந்தது, ஆனால் அதன் தை மாதம் விழுவது 1965-ல். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதால் 1904-05-ம் குரோதிதான்; உங்கள் பள்ளி அப்போது பிறக்கவே இல்லை என்பதால் அந்தச் சந்தேகம் உனக்கு இல்லை. "மூன்றாம் பாரம்" என்று கண்டால் குழம்பாதே, அது இன்றைய எட்டாம் வகுப்பு. ஆறாம் பாரம் என்பது பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. நம் மாநிலத்தில் பிளஸ் டூ வந்தது 1978-ல்.

போட்டோக்களுக்கு ஆள்தான் சாட்சி. பழைய ஆசிரியர்கள் யார் ஊரில் இருக்கிறார்களோ அவர்களிடம் போ, எண்பது வயதைத் தாண்டியவரிடம் முதலில் போ. மூலப் படத்தைக் கொண்டுபோகாதே, நகல் எடுத்துக்கொண்டு போ. "இடமிருந்து வலம், இரண்டாம் வரிசை" என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள். யார் சொன்னார், என்றைக்குச் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுது. இது பட்டியலை விடவும் அவசரம்.

அடுத்தது மழை. வடகிழக்குப் பருவமழை இந்த மாதம் பிடித்துவிடும், நீ சொல்வதோ மாடிப்படிக்கு அடியில் உள்ள அறை. கட்டுகள் தரையில் இருந்தால் இருக்கிற நிலையிலேயே, வரிசை மாறாமல், செங்கல் மேல் பலகை போட்டுத் தூக்கி வை. சுவரை ஒட்டாமல் ஒரு கை அகலம் விடு. ஈரமாகிவிட்டால் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் போடாமல், நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்து. ஏற்கெனவே பூஞ்சை பிடித்ததைத் தனியே எடுத்து வை, மாஸ்க் இல்லாமல் கிட்டப் போகாதே. கிழிந்த இடத்தில் செலோடேப் மட்டும் ஒட்டிவிடாதே, மகளே. டேப் உதிர்ந்துவிடும், அதன் பசை உள்ளே இறங்கி மஞ்சளாகவும் பிறகு பழுப்பாகவும் எழுத்தைத் தின்னும். லேமினேஷன் அதைவிட மோசம். அந்துருண்டை வேண்டாம், மூடிய அறையில் அதைச் சுவாசிக்கப் போவது நீதான். வேப்பிலை வைக்கச் சொல்வார்கள். பச்சையாக வைத்தால் ஈரத்தையும் சேர்த்து வைக்கிறாய், நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். ரப்பர் பேண்டையும் துருப்பிடித்த குண்டூசியையும் பொறுமையாக எடுத்துவிட்டு, துவைத்துக் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வை. பழுது பார்க்கும் ஆசையே இப்போதைக்கு வேண்டாம். அது தனிப் பயிற்சி.

ஒரு எச்சரிக்கை. அட்மிஷன் ரிஜிஸ்டரில் சாதி இருக்கும், அப்பாவின் தொழில் இருக்கும், யார் ஃபீஸ் கட்ட முடியாமல் நின்றார் என்பதும் இருக்கலாம். விழா மலருக்குச் சுவையாக இருக்கிறதென்று ஒரு பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதே, யார் கேட்டாலும் கொடுத்துவிடாதே. அந்தப் பக்கத்தில் உள்ளவர்களின் பேரன் பேத்திகள் இன்று உன் நூலகத்தில் புத்தகம் எடுக்கும் பிள்ளைகளாக இருக்கலாம்.

இனி பிரவுன் அட்டைக்கு வருகிறேன். உன் மனக்குறை நியாயம்தான். ஆனால் நான்கு மாதமாக உன் கை வழியாகப் போன புத்தகங்களில் எது கிழிந்து வந்தது, எதன் நடுப்பக்கம் மட்டும் அழுக்காக இருந்தது என்று பார்த்தாயா? பிள்ளைகள் எதைத் தேடிப் படிக்கிறார்கள் என்பதை அந்த அழுக்கு சொல்லும். உனக்குப் பக்கத்து மாவட்டத்துச் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக உட்கார்ந்தபோது, அந்த வேலையின் தனிமை பிடிக்காமல் கல்லூரிக்கே திரும்பிவிட நினைத்தார். லண்டனுக்குப் படிக்கப் போய், அங்கே நூலகம் மக்களிடம் எப்படிப் புழங்குகிறது என்று கண்ட பிறகுதான் அவர் மனம் மாறியது. 1931-ல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. டீச்சர் வராத வகுப்பில் போய் உட்காரச் சொல்கிறார்கள் என்றாயே, வெறுங்கையோடு போகாதே. பத்துப் புத்தகம் எடுத்துக்கொண்டு போ. அதை லைப்ரரி பீரியட் ஆக்கிவிட்டால் அந்த நேரம் உன்னுடையது.

அதே சமயம், கற்றுக்கொடுக்காமல் வேலை மட்டும் வாங்குவது பயிற்சி ஆகாது. புதிதாக வரும் நூல்களை வரிசை எண் போட்டு அக்சஷன் ரிஜிஸ்டரில் பதிவது, வகைப்படுத்துவது, இருப்புச் சரிபார்ப்பு, கோஹா போன்ற நூலக மென்பொருளில் ஏற்றுவது இவை நான்கும் மே மாதத்துக்குள் உன் கையில் பழக வேண்டும் என்று ஹெச்.எம்.மிடம் எழுத்தில் கொடு. உன் பயிற்சி 1961-ம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் வருகிறதா என்றும் பார்த்துக்கொள். வருகிறதென்றால் ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பதிவாகியிருக்கும், உதவித்தொகையும் இருக்கும். சந்தேகம் இருந்தால் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தில் கேட்கலாம். பயிற்சி முடிந்ததும் அதே பள்ளியில் வேலை கிடைக்கும் என்று மட்டும் நம்பி இருக்காதே. யாராவது வாய்ச்சொல்லாகச் சொன்னாலும் எழுத்தில் கேள்.

வீட்டார் பயப்படுவதிலும் உண்மை இருக்கிறது. பள்ளி நூலகர் பணியிடங்கள் குறைவு. கல்லூரிக்குப் போக வேண்டுமானால் எம்.லிப். முடித்து நெட் அல்லது செட் தகுதித் தேர்வு எழுத வேண்டும். ஆனால் ஆவணக்காப்புத் தெரிந்த நூலகர்கள் நம்மிடையே இன்னும் குறைவு. டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பயிற்சிப் பள்ளியில் ஓராண்டு டிப்ளமோ இருக்கிறது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் என்று இந்த வேலை நடக்கும் இடங்களை இந்த லீவில் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வா. பி.எட். சேருவதா வேண்டாமா என்பதை மே மாதம் முடிவு செய். நடுவில் விட்டுவிட்டு வருவதை மட்டும் நான் ஒப்பமாட்டேன்.

அதற்குள் அப்பாவிடம், அவர் எந்த ஆண்டு, எந்த வகுப்பில் சேர்ந்தார் என்று கேட்டு வைத்துக்கொள். பட்டியல் போடும்போது அந்த ஆண்டின் ரிஜிஸ்டர் வந்தால் ஹெச்.எம். அனுமதியோடு அவரை ஒருநாள் பள்ளிக்கு அழைத்து வந்து அவருடைய வரியைக் காட்டு. சேர்க்கை விண்ணப்பமும் பிழைத்திருந்தால், அதில் உன் தாத்தாவின் கையெழுத்தோ கைநாட்டோ இருக்கும். பி.எட். பேச்சை அதன் பிறகு அவரோடு உட்கார்ந்து பேசு.