பூட்டிய வீட்டில் சோலார் டியூப் ஏன் உடைகிறது? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் சென்னையில் இருக்கிறோம். கானாடுகாத்தான் வீடு வருஷத்தில் பத்து மாதம் பூட்டித்தான் கிடக்கும். இந்த முறை முன்னோர் வழிபாடான படைப்புக்கு வந்தபோது, பங்காளிகள் எல்லாரும் வருகிறார்களே, வெந்நீர் வேண்டுமே என்று மத்தியானம் 12 மணிக்கு வந்து இறங்கியதுமே மோட்டாரைப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் மாடியில் படார் படார் என்று சத்தம். சோலார் ஹீட்டரில் மூன்று டியூப் உடைந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. விற்றவர் 'குரங்கு உடைத்திருக்கும்' என்கிறார். நிஜமா? - வாசகி, கானாடுகாத்தான்

பதில்: குரங்கு இல்லை ஆச்சி, அந்த மத்தியான நேரத்துத் தண்ணீர்தான்.

உடையாத டியூப் ஒன்றைக் கழற்றி வாய்ப் பக்கம் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழாய், வாயில் மட்டும் உருக்கி ஒட்டியிருக்கும். நடுவில் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். 1892-ல் ஜேம்ஸ் டூவர் கண்டுபிடித்த குடுவை, அதாவது நாம் காபி ஊற்றி வைக்கிற ஃபிளாஸ்க், அதே வேலைதான் இங்கேயும். உள் குழாயின் வெளிப்பக்கத்தில் கறுப்பாக ஒரு பூச்சு இருக்கிறதே, அது வெயிலை விழுங்கிக்கொள்ளும், ஆனால் சூட்டைத் திருப்பி வெளியே விடுவது மிகக் குறைவு. சூடு காற்று வழியாகப் போகலாம் என்றால் நடுவில் காற்றே இல்லை. ஆக, உள்ளே வந்த சூடு வெளியே போக வழி தெரியாமல் நிற்கிறது. தண்ணீர் இருந்தால் அந்தச் சூட்டை அது வாங்கி, லேசாகி மேலே தொட்டிக்கு ஏறும், கனமான குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கும். இதற்கு மோட்டார் எதுவும் தேவையில்லை.

பூட்டிய வீட்டில் என்ன ஆகும்? யாரும் எடுக்காத வெந்நீர் நாள் தவறாமல் கொதித்து, காற்றுக் குழாய் வழியாக ஆவியாகப் போகும். ஹீட்டருக்குத் தண்ணீர் தருகிற மேல் தொட்டியும் ஒரு நாள் வற்றிவிடும், நிரப்ப ஆள் இல்லை. அதற்கப்புறம் காலி டியூப் வெயிலில் காய்கிறது. தண்ணீர் இல்லாத டியூபின் உள்ளே 200 டிகிரிக்கு மேல் போகும், வெளிக் கண்ணாடியைத் தொட்டால் சுடக்கூடச் சுடாது, அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அதில் திடீரென்று பச்சைத் தண்ணீர் விழுந்தால் சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியாக இருந்தாலும் தாங்காது.

இனிமேல் ஊருக்குக் கிளம்பும்போது டியூப்கள் மேல் கெட்டியான தார்ப்பாயை மூடிக் கட்டிவிடுங்கள். மெல்லிய வேட்டி போதாது, வெயில் ஊடுருவும். திரும்பி வந்தால் எவ்வளவு அவசரமானாலும் பொழுது சாய்ந்து நன்றாக ஆறிய பிறகு, இல்லையென்றால் விடிவதற்கு முன்னால் தண்ணீர் விடுங்கள். முதல் நாள் குளியலுக்கு சமையல் நடக்கிற மூன்றாம் கட்டில் ஒரு அண்டாவை அடுப்பேற்றிக்கொள்ளலாம். உடைந்த மூன்றை மட்டும் மாற்றினால் போதும், முழு ஹீட்டரையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஹீட்டரில் எல்லா டியூபின் அடியும் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, ஒன்று மட்டும் வெள்ளையாகிவிட்டது. ஆத்தா சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்கிறார், தேய்த்தும் போகவில்லை. - வாசகர், தேவகோட்டை

பதில்: தேய்க்காதீர்கள், அது இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிறது. பளபளப்பது பேரியம் என்ற உலோகம். உள்ளே மிச்சம் மீதி வாயு இருந்தால் பிடித்துக்கொள்ள அதை வைத்திருக்கிறார்கள். காற்று புகுந்தால் அது காற்றோடு சேர்ந்து பால் வெள்ளையாகிவிடும். எங்கோ முடி அளவு விரிசல், வெற்றிடம் போய்விட்டது. சந்தேகமிருந்தால் நல்ல வெயிலில் பக்கத்து டியூபையும் இதையும் தொட்டுப் பாருங்கள்: நல்லது குளிர்ச்சியாக இருக்கும், இது சுடும். அந்தச் சுடுகிற அளவு உங்கள் வெந்நீரிலிருந்து போன சூடு. காலை இருட்டில் வால்வை மூடி, தொட்டித் தண்ணீரை இறக்கிவிட்டு, புது டியூபின் வாயில் சோப்புத் தண்ணீர் தடவி மெதுவாகத் திருகி ரப்பர் வளையத்துக்குள் ஏற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்களுக்குப் போர் தண்ணீர்தான், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். டியூப் வாங்கலாமா, தட்டையான செம்புத் தகடு வகையா? - வாசகர், பள்ளத்தூர்

பதில்: டியூபே வாங்குங்கள். தகடு வகையில் தண்ணீர் ஓடுவது அரை அங்குலச் செம்புக் குழாயில், உப்பு படிந்தால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். டியூபின் உள்வாய் மூன்று சென்டிமீட்டருக்கு மேல். அதற்காக உப்பு படியாது என்று இல்லை, தண்ணீர் சூடாக ஆகச் சுண்ணாம்பு கூடுதலாகவே படியும். வருஷத்துக்கு ஒரு முறை டியூபைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தொட்டியைப் பற்றித்தான். உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தொட்டி அரிக்கப்படாமல் இருக்க அந்தக் கம்பி தான் கரைந்துகொடுக்கும். காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியில் ஆராய்கிற அரிமான (உலோகம் அரிக்கப்படுகிற) விஷயம்தான் இது. கரைந்து தீர்ந்த கம்பியை யாரும் மாற்றுவதில்லை, அப்புறம் தொட்டி ஓட்டையாகிறது என்று வருத்தப்படுகிறோம்.

கேள்வி: ஐப்பசி மழையில் வெந்நீர் வருமா? - வாசகி, கோட்டையூர்

பதில்: மேகத்தை மீறி வரும் வெளிச்சத்திலும் கொஞ்சம் சூடேறும், வெதுவெதுப்பாக வரும். ஆனால் வெற்றிடம் சூட்டைக் காப்பாற்றுமே தவிர உண்டாக்காது. 100 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற சுமார் 3.5 யூனிட் வேண்டும், அடைமழையில் அவ்வளவு வெயில் கிடைக்காது. அந்த வாரத்துக்கு மட்டும் தொட்டியிலுள்ள கரண்ட் ஹீட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு.