குழாயில் சாக்கடை நாற்றம், செல்பேசியில் ‘சரிசெய்யப்பட்டது’

கேள்வி: ஐயா, சேலத்தில் குகைப் பகுதியில் குடியிருக்கிறோம். இரண்டு மாதமாகக் குடிநீரில் சாக்கடை நாற்றம். மூன்று முறை புகார் செய்தேன். மூன்று முறையும் ‘சரிசெய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்ததே தவிர ஆள் வரவில்லை. ‘பதினைந்தாயிரம் கொடுங்கள், உள்ளே சொல்லிப் புது இணைப்பே வாங்கித் தருகிறேன்’ என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா? (ஒரு வாசகி)

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. புது இணைப்பு என்பது அதே தெருக்குழாயில் இன்னொரு துளை, அவ்வளவுதான். தெருக்குழாயிலேயே சாக்கடை கலந்தால், பதினைந்தாயிரம் கொடுத்த பிறகும் அதே நாற்றம் புதுக் குழாய் வழியாக வரும். அந்த ஆளுக்கு ‘உள்ளே’ யாரும் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நீங்களே மனுக் கொடுத்தால் கிடைப்பதைத்தான் அவர் விற்கிறார். ரசீது கேட்டுப் பாருங்கள், மறுநாள் அவரைக் காணமுடியாது.

மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் சுத்திகரித்த பிறகுதான் ஊருக்குள் வருகிறது. பெரும்பாலும் அது கெடுவது உங்கள் தெருவில்தான். தண்ணீர் நின்றதும் குழாயில் அழுத்தம் போய்விடும். அப்போது ஓட்டை இருக்கும் இடத்தில் சாக்கடை உள்ளே இறங்கும். யாராவது குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் வேகமாக இறங்கும். (உங்கள் வீட்டில் அப்படி ஒரு மோட்டார் இருந்தால், புகாருக்கு முன் அதைக் கழற்றிவிடுங்கள். அது விதிமீறல். முதலில் உங்கள் இணைப்பைத்தான் துண்டிப்பார்கள்.)

தண்ணீர் விடும் நாளில், தொட்டிக்குப் போகும் முன்பே வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கிண்ணமாக நான்கு கிண்ணங்கள். முதல் கிண்ணம் கலங்கி நாறி, நான்காவது தெளிந்திருந்தால் ஓட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. நான்கும் நாறினால் கோளாறு தெருக்குழாயில். அக்கம்பக்கத்து வீடுகளிலும் இதையே செய்யச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் மட்டும் நாற்றம் என்றால் கதை வேறு. தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்புக் குழாயைப் பழுது பார்ப்பது பொதுவாக வீட்டுக்காரர் செலவு. பழைய தெருக்களில் அந்த இரும்புக் குழாய் சாக்கடைக் கால்வாய்க்குள்ளேயே கிடக்கும். பிடுங்கிப் பார்த்தால் துரு தின்று ஊசித் துளை விழுந்திருக்கும், அதன் மேல் யாரோ சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியிருப்பார்கள். இதற்கும் ஒரு விலக்கு உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்: சாலை போட வந்தவர்களோ பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியவர்களோ உங்கள் குழாயை உடைத்திருந்தால், சரிசெய்து தர வேண்டியவர்கள் அவர்களே. அதற்குச் சாட்சி வேண்டும். பள்ளம் திறந்திருக்கும்போதே தேதியோடு படம் எடுங்கள். மண்ணை மூடிய பிறகு ‘பழைய குழாய், தானாகத் துருப்பிடித்தது’ என்பார்கள், உங்களிடம் மறுமொழி இருக்காது. வாடகைக்கு இருப்பவர்களும் படம் எடுக்கலாம், வீட்டுக்காரருக்காகக் காத்திருக்க வேண்டாம். எந்த நிலையிலும் சாலையை வெட்டுவதற்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும், பணம் கவுன்ட்டரில் மட்டுமே கட்ட வேண்டும்.

இனி அந்தக் குறுஞ்செய்தி. எந்த ஊரிலும் புகாரைத் திறந்து மூடுவது கணக்கு வேலையாகிவிட்டது. ஆய்வுக் கூட்டத்தில் நிலுவை குறைந்திருக்க வேண்டும். தண்ணீர் தெளிந்ததா என்று அங்கே யார் கேட்கிறார்கள்? நான்காவது புகார் போட்டால் நான்காவது குறுஞ்செய்தி வரும். காகிதத்துக்கு மாறுங்கள். மூன்று புகார் எண்கள், தேதிகள், கிண்ணச் சோதனையில் கண்டது, பக்கத்து வீட்டார் கையெழுத்து. இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதி மாநகராட்சி மண்டல உதவி ஆணையரிடம் கொடுங்கள். உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

இரண்டு வாரத்தில் அசைவு இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ‘ஏன் சரிசெய்யவில்லை’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ‘இந்த எண்ணுள்ள புகாரை முடித்தபோது நேரில் பார்த்தவரின் பதவி, பார்த்த தேதி, செய்த வேலையின் பதிவேட்டு நகல்’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பல இடங்களில் அதற்கு முன்பே ஃபிட்டர் வாசலில் நிற்பார். வார்டுக் குறைகளைப் பேச வார்டு குழு, பகுதி சபை என்று 2022-ல் விதி வந்திருக்கிறது. உங்கள் கவுன்சிலர் சபையைக் கூட்டினால் அங்கேயும் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.

அதுவரை குடிநீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். குழாய் சரியான மறுநாளே தொட்டியைக் காலி செய்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிடுங்கள். கழுவாமல் விட்டால் பழைய நாற்றம் தொட்டியிலிருந்தே வரும். நீங்கள் மறுபடியும் புகார் செய்வீர்கள், அந்த ஒரு முறை மட்டும் ‘சரிசெய்யப்பட்டது’ என்பது உண்மையாக இருக்கும்.