ஊசி பன்னிரண்டரைக்கு, சாப்பாடு ஒன்றரைக்கு: சர்க்கரை நோய் கேள்வி-பதில்

கேள்வி: நிமோனியாவுக்காக அப்பாவை வார்டில் சேர்த்தோம். வீட்டில் 160ஐத் தாண்டாத சர்க்கரை, அங்கே ஒரு நாள் காலை 310, மறுநாள் பிற்பகல் 58. பெரிய மருத்துவமனை, அனுபவமுள்ள டாக்டர். பிறகு ஏன் இப்படி?

பதில்: 310க்குக் காரணம் பெரும்பாலும் நோய்தான். தொற்று வந்தால் கார்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் அதிகமாகச் சுரந்து இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. கூடவே ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். விசாரிக்க வேண்டியது அந்த 58ஐத்தான். ஊசி எத்தனை மணிக்குப் போட்டார்கள், சாப்பாட்டுத் தட்டு எத்தனை மணிக்கு வந்தது என்று முதலில் கேளுங்கள்.

வார்டில் மதியம் நடப்பது இது. 12 மணிக்கு ஒருவர் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து எழுதிவிட்டுப் போகிறார். 12.30க்கு இன்னொருவர் அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் போடுகிறார். சாப்பாடு கொண்டுவருவது மூன்றாவது ஆள். அதற்குள் ஸ்கேனுக்கு அழைப்பு வந்து நோயாளியைக் கீழே தள்ளிக்கொண்டு போய்விட்டால், மருந்து உடம்புக்குள், தட்டு மேசைமேல். வேகமாக வேலை செய்யும் அனலாக் இன்சுலின் என்றால் சாப்பாட்டுக்கு முந்தைய 15 நிமிடத்துக்குள் போட வேண்டும். ரெகுலர் இன்சுலின் என்றால் அரை மணி நேரம் முன்பு. ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் சர்க்கரை சரியத்தான் செய்யும். தனித்தனியாகப் பார்த்தால் மூன்று பேரையும் குற்றம் சொல்ல முடியாது. மூன்று வேலைக்கும் மூன்று அட்டவணை இருப்பதுதான் கோளாறு. நன்றாக நடக்கும் வார்டில் தட்டு படுக்கைக்கு வந்த பிறகுதான் அனலாக் ஊசியை எடுப்பார்கள். சரியாகச் சாப்பிடாத நோயாளிக்கு, எவ்வளவு சாப்பிட்டார் என்று பார்த்துவிட்டு, முடித்த கையோடு போடுவதும் உண்டு.

இன்னொரு பழக்கமும் உங்கள் அப்பாவின் ஏற்ற இறக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம்: ஸ்லைடிங் ஸ்கேல். சர்க்கரை ஏறிய பிறகு, ஏறிய அளவுக்கு ஏற்ப ஊசி போடுவது. எழுதி வைக்கச் சுலபம் என்பதால் பல இடங்களில் இன்றும் இதுதான் ஓடுகிறது. ஆனால் இது வெள்ளம் வந்த பிறகு அணை கட்டுகிற வேலை. நாள் முழுக்க நிற்கும் அடிப்படை இன்சுலின், அதோடு வேளைக்கு வேளை ஊசி என்ற முறையை இதனுடன் ஒப்பிட்ட ராபிட்-2 ஆய்வு 2007இல் வெளியானது. 140க்குக் கீழ் வந்தவர்கள் அந்த முறையில் 66 சதவீதம், ஸ்லைடிங் ஸ்கேலில் 38 சதவீதம்.

வார்டில் பெரும்பாலானவர்களுக்கு 140 முதல் 180 வரை இருந்தால் போதும். வீட்டு அளவுக்கு இறக்க வேண்டும் என்று நெருக்காதீர்கள். 70க்குக் கீழே போனால், டாக்டரை எதிர்பார்க்காமல் நர்ஸே 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கும்படி எழுத்தில் உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். விழுங்க முடியாத நிலை என்றால் நரம்பு வழியாக. இந்த உத்தரவு இல்லாத இடத்தில், டாக்டருக்குப் போன் போகும் நேரமெல்லாம் மூளைக்குச் சர்க்கரை கிடைக்காத நேரம்.

கேள்வி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் காட்டுகிறேன். காலையோ கண்ணையோ இதுவரை யாரும் பார்த்ததில்லை. நான்தான் கேட்க வேண்டுமா?

பதில்: கேளுங்கள். ஆனால் நீங்கள் கேட்டால்தான் நடக்கும் என்று இருக்கக்கூடாது. வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரகத்துக்காகச் சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின், பாதப் பரிசோதனை; இவை டாக்டரின் ஞாபகத்தை நம்பி இருந்தால் கூட்டமான நாளில் கட்டாயம் விடுபடும். செருப்பையும் சாக்ஸையும் கழற்றி மாட்டவே பாதி நேரம் போய்விடும் அல்லவா? அதனால் டாக்டர் அறைக்கு வெளியே, எடையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் இடத்திலேயே நர்ஸ் காலைப் பார்த்துவிடுவது நல்ல ஏற்பாடு. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் சில இடங்களில் வைத்து, தெரிகிறதா என்று கேட்பார்கள். சில நிமிட வேலைதான். மரத்துப்போன பாதம் புண் வருவதற்கு முன்பே அகப்படும்.

ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) முடிவும் நீங்கள் உள்ளே போகும்போது டாக்டரின் மேசையில் இருக்க வேண்டும். ரத்தம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு டாக்டரைப் பார்த்தால் பழைய சீட்டையே திரும்ப எழுதுவார்கள். முடிவு வந்து யாரும் பார்க்காமல் ஃபைலில் கிடக்கும்.

கேள்வி: ஒரே நேரத்தில் எடுத்தும் லேபில் 112, குளுக்கோமீட்டரில் 131. எதை நம்புவது?

பதில்: லேப் முடிவு பொதுவாகத் துல்லியமானது, ரத்தம் காத்துக்கிடக்காத வரை. குழாயில் இருக்கும் ரத்த அணுக்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்றுவிடும். இதைத் தடுக்க ஃப்ளோரைடு மருந்து சேர்த்த குழாய் இதைக் குறைக்கும், முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முழுசாக நிறுத்தாது. எடுத்த ரத்தம் எவ்வளவு நேரத்தில் லேபுக்குப் போகிறது என்று விசாரியுங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு மீட்டரில் பாருங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் ஆபரேஷன். சர்க்கரை மாத்திரை பற்றி சர்ஜன் ஒன்று சொல்கிறார், என் டாக்டர் வேறு சொல்கிறார்.

பதில்: இருவரையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், மயக்க மருந்து டாக்டரும் அதைப் பார்க்கட்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். தொடர்ந்தால் சர்க்கரை அவ்வளவாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோ அமிலம் சேரும். சர்க்கரை எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது பிடிபடாது. டைப் 1 (உடம்பில் இன்சுலின் சுரப்பே அநேகமாக இல்லாத வகை) நோயாளி என்றால், பட்டினியாக இருந்தாலும் அடிப்படை இன்சுலினை முழுவதும் நிறுத்தவே கூடாது. அளவைக் குறைப்பதை டாக்டர் முடிவு செய்வார். அன்றைய பட்டியலில் முதல் ஆபரேஷனாகப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: இன்சுலின் ஆரம்பித்து டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். கிளம்பும் முன் என்ன கேட்க வேண்டும்?

பதில்: பழைய மாத்திரைகளில் எது தொடரும், எது நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சீட்டில் இல்லை என்பதால் நிறுத்தினார்களா, மறந்தார்களா என்பது வீட்டுக்குப் போன பிறகு தெரியாது. அளவுக்குப் பக்கத்தில் 'யூனிட்' என்று முழுசாக எழுதியிருக்கட்டும். ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் அது பூஜ்யம் போலத் தெரிந்து, 10 யூனிட் 100 ஆகும் ஆபத்து உண்டு. குப்பி மில்லிக்கு 40 யூனிட்டா 100 யூனிட்டா, சிரிஞ்சும் அதே அளவுக்கானதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்; 100 யூனிட் குப்பியை 40 சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட். ஊசி போடப்போவது யாரோ, அவர் நர்ஸ் முன்னால் ஒருமுறையாவது தன் கையால் போட்டுக் காட்டட்டும். சர்க்கரை இறங்கினால் இரவில் எந்த எண்ணுக்குப் போன் செய்வது, மறுபடி காட்ட வேண்டிய தேதி எது, இரண்டும் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.