தாத்தா பேரில் இருக்கும் பியட்டை யார் விற்க முடியும்?

கேள்வி: வலங்கைமான் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டுக் கொட்டகையில் 1968 மாடல் பியட் 1100 நிற்கிறது. பெட்ரோல் ஊற்றினால் இன்றும் ஸ்டார்ட் ஆகிறது. ஆர்.சி. புத்தகம் பழைய அட்டை, பாதியைக் கரையான் தின்றுவிட்டது. வண்டி அந்த வீட்டுப் பெரியவர் பேரில் இருக்கிறது. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. நான்கு பிள்ளைகள், ஒருவர் சிங்கப்பூரில். ஊரில் இருப்பவர், "29, 30 பாரத்தில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், ஒன்றரை லட்சம் கொடுங்கள்" என்கிறார். வாங்கலாமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: வண்டியை வாங்கலாம். இப்போது அவர் தருவதாகச் சொல்லும் காகிதத்தை நம்பி வாங்க வேண்டாம்.

29-ம் எண் பாரம் என்பது பதிவு பெற்ற உரிமையாளர், 'விற்றுவிட்டேன்' என்று ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்வது. 30-ம் எண் பாரம் பேர் மாற்றக் கோரும் விண்ணப்பம். இரண்டிலும் விற்பவராகக் கையெழுத்துப் போட வேண்டியவர், புத்தகத்தில் பேர் உள்ளவர் மட்டுமே. அவர் உயிரோடு இல்லை. மகன் தன் கையெழுத்தைப் போட்டால் அது செல்லாது. அப்பா கையெழுத்தைப் போட்டால் அது போர்ஜரி. "எல்லாரும் இப்படித்தான் சார் செய்றாங்க" என்று புரோக்கர் சொல்வார். செய்கிறார்கள்தான். மாட்டும்போது புரோக்கரின் செல்போன் சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கும், வண்டி உங்கள் வாசலில் நிற்கும்.

உரிமையாளர் இறந்தால் அதற்கென்று தனி பாரம் உண்டு, எண் 31. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, இறந்த 30 நாளுக்குள் வாரிசு ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அதே விதிப்படி மூன்று மாதத்துக்குள் பேர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இங்கே கெடு எப்போதோ தாண்டிவிட்டது. அதனால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை, செலவு கூடும், அவ்வளவுதான். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ், மற்ற மூன்று பேரின் ஆட்சேபணை இல்லை என்ற எழுத்து ஆகியவை வேண்டும். சிங்கப்பூர்க்காரர் அங்குள்ள இந்திய ஹைகமிஷனில் அத்தாட்சி பெற்று அனுப்பட்டும். "தம்பி ஒன்றும் சொல்ல மாட்டான்" என்ற வாய்ச்சொல்லை ஏற்க வேண்டாம். பாகப்பிரிவினையில் வரப்புக்குச் சண்டை போட்ட குடும்பங்களை நம் பக்கத்தில் பார்க்காதவர் யார்? பழைய கார் விலை போகிறது என்று தெரிந்ததும் அந்தத் தம்பிக்கு அப்பா ஞாபகம் வரும்.

அடுத்தது கரையான் தின்ற புத்தகம். நகல் ஆர்.சி.க்கு 26-ம் எண் பாரம். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, பலர் சறுக்குவது இங்கேதான். அந்தக் காலத்துப் பதிவெல்லாம் கையால் எழுதிய ரிஜிஸ்டரில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது. மத்திய போக்குவரத்துத் துறையின் பரிவாகன் தளத்தில் நம்பரைத் தட்டினால் 'விவரம் இல்லை' என்றுதான் வரும். அதைப் பார்த்து வண்டி திருட்டு வண்டி என்று பயப்படவும் வேண்டாம், 'பழைய வண்டி அப்படித்தான்' என்று விட்டுவிடவும் வேண்டாம். பதிவு செய்த அலுவலகத்தில் பழைய ரிஜிஸ்டரைத் தேடி, அந்தப் பக்கத்தின் நகலை வாங்கி, அதை வைத்துக் கம்ப்யூட்டரில் 'பேக்லாக் என்ட்ரி' போடச் சொல்ல வேண்டும். இது ஏறாமல் எந்த பாரமும் ஆன்லைனில் நகராது.

எந்த அலுவலகம்? வலங்கைமான் இன்று திருவாரூர் மாவட்டம். 1968-ல் அப்படி ஒரு மாவட்டமே இல்லை. 1991-ல் நாகப்பட்டினமும், 1997-ல் திருவாரூரும் பிரியும்வரை எல்லாம் தஞ்சாவூர்தான். ஆகவே முதலில் தஞ்சாவூரில் கேளுங்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் பதிவு செய்த அலுவலகத்தின் முத்திரை மிஞ்சியிருந்தால் அதுவே வழி சொல்லிவிடும்.

ரிஜிஸ்டர் நகல் கையில் வந்ததும் வண்டிக்குப் போய் சேஸிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் பென்சில் பிரிண்ட் எடுத்து (மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து) ஒத்துப் பாருங்கள். சேஸிஸ் நம்பர் ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்கே கைகழுவுங்கள். என்ஜின் மட்டும் மாறியிருந்தால் நிதானமாக விசாரியுங்கள். பெட்ரோல் விலைக்குப் பயந்து பியட்டிலும் அம்பாசடரிலும் டீசல் என்ஜின் மாட்டியவர்கள் ஏராளம். ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிப் புத்தகத்தில் ஏற்றியிருந்தால் பிரச்சினை இல்லை. ஏற்றவில்லை என்றால் 52-வது பிரிவின்படி குற்றம். வண்டியை இன்ஸ்பெக்‌ஷனுக்கு நிறுத்தும் அன்று அது தெரிந்துவிடும். புத்தகத்தில் பழைய கடன் பதிவு ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடன் கொடுத்த கம்பெனி இன்று இல்லாமல் போயிருந்தால் எச்.பி. என்கிற அந்தக் கடன் பதிவைக் கேன்சல் செய்வது பெரிய அலைச்சல்.

நான் சொல்வது இதுதான். வாரிசுகள் தங்கள் செலவில் ஒருவர் பேருக்கு ஆர்.சி.யை மாற்றட்டும். அதுவரை ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி ஒரு சிறிய அட்வான்ஸ், பத்தாயிரத்துக்கு மேல் வேண்டாம். பேர் மாறிய பிறகு அவர் போடும் 29, 30 செல்லும், மீதியைக் கொடுங்கள். அவர்களுக்கு அலைய மனமில்லை, நீங்களே செய்துகொள்ளுங்கள் என்றால் விலை ஒன்றரை லட்சம் இல்லை. பேப்பர் இல்லாத பியட்டுக்குப் பாதி விலையே அதிகம்.

கேள்வி: 50 வருஷம் தாண்டிய காருக்கு 'வின்டேஜ்' என்று தனிப் பதிவு வந்திருப்பதாகவும், அதில் பழைய பேப்பர் எதுவும் தேவையில்லை என்றும் நண்பர் சொல்கிறார். 15 வருஷம் ஆன வண்டியை அரசே எடுத்து உடைத்துவிடும், அதற்கு இதுதான் தப்பிக்கும் வழி என்றும் சொல்கிறார். (மன்னார்குடி)

பதில்: நண்பர் சொன்னதில் முதல் பாதி சரி. 2021 ஜூலையில் மத்திய அரசு இதற்கான விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டி, அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பதிவு பத்து வருஷம் செல்லும். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு நம்பரில் மாநில எழுத்துக்குப் பின் 'வி.ஏ.' வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம்.

பேப்பர் தேவையில்லை என்பதுதான் தவறு. இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய ஆர்.சி.யைக் கேட்கிறார்கள், இறக்குமதி வண்டிக்குச் சுங்க ஆவணம், இரண்டுக்கும் இன்ஷூரன்ஸ். உரிமைச் சங்கிலி அறுந்த வண்டியை வின்டேஜ் பதிவு ஒட்டவைக்காது.

இன்னொன்றையும் யோசியுங்கள். வின்டேஜ் பதிவு வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று போகலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திருநள்ளாறு போய் வர வேண்டும், ஐப்பசியில் மாயவரம் துலா ஸ்நானத்துக்குப் போக வேண்டும் என்பவருக்கு இது பொருந்தாது. அவர் சாதாரணப் பதிவையே புதுப்பிப்பது நல்லது. 25-ம் எண் பாரம், இன்ஸ்பெக்‌ஷன், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. 20 வருஷம் தாண்டிய காருக்குக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். பசுமை வரியும், இத்தனை நாள் புதுப்பிக்காததற்குத் தாமதக் கட்டணமும் தனி. மொத்தத்தை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பேரம் பேசுங்கள்.

சொந்த உபயோகக் காரை வயதுக்காக மட்டும் உடைக்கும் விதி தமிழ்நாட்டில் இல்லை. அந்தப் பேச்சு டெல்லி வட்டாரத்திலிருந்து வந்தது.

கேள்வி: என் அம்பாசடரை ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கன்சல்டிங்கில் (பழைய கார் வாங்கி விற்கும் கடையில்) கொடுத்தேன். கையெழுத்துப் போட்ட வெறும் பாரம் வாங்கிக்கொண்டார்கள். இப்போது எங்கேயோ நடந்த விபத்துக்கு எனக்கு நோட்டீஸ் வருகிறது. வண்டி என்னிடம் இல்லையே? (பாபநாசம்)

பதில்: ஆர்.சி.யில் உங்கள் பேர் இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் உரிமையாளர். பல கை மாறி, பேர் மாறாத ஒரு கார் மோதிய வழக்கில், நஷ்ட ஈட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பேர் இருப்பவருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. நோட்டீஸை மேஜையில் போட்டுவைக்காதீர்கள், உடனே வக்கீலைப் பாருங்கள். அன்று வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்ததா என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். டெலிவரி ரசீது, வங்கியில் பணம் வந்த விவரம் எது இருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள். கையோடு, விற்ற தேதியைக் குறிப்பிட்டு ஆர்.டி.ஓ.வுக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். நடந்ததை அது அழிக்காது. இனி நடப்பதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

விற்பவர் கவனத்துக்கு: ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டியது உங்கள் கடமை. வாங்குபவருக்கு 30 நாள்.

கேள்வி: காரைக்காலில் நல்ல நிலையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பாண்டிச்சேரி நம்பர். நாங்கள் மயிலாடுதுறை. அப்படியே ஓட்டலாமா? (மயிலாடுதுறை)

பதில்: 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டில் மறுபதிவு செய்தாக வேண்டும். காரைக்கால் அலுவலகத்தில் 28-ம் எண் பாரத்தில் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்குங்கள், பிறகு மயிலாடுதுறையில் பதிவு. வரி இங்கே தனியாகக் கட்ட வேண்டும். என்.ஓ.சி.யை விற்பவரே எடுத்துத் தரும்படி பேசிக்கொள்ளுங்கள். அது வந்தால் வரிப் பாக்கி, வழக்கு இல்லை என்பதும் கூடவே தெரிந்துவிடும். சென்னையில் தயாரான வண்டி நம் பக்கம் திரும்பி வருவதில் எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் பாடி பேனல் கிடைப்பது குதிரைக்கொம்பு.

கேள்வி: பழைய கார் வியாபாரி ஒருவரிடம் 40,000 அட்வான்ஸ் கொடுத்தேன். "ஒரிஜினல் ஆர்.சி. இருக்கிறது" என்றார். இப்போது இல்லை என்கிறார், பணமும் தர மறுக்கிறார். (திருத்துறைப்பூண்டி)

பதில்: முதலில் எழுத்தில் ஒரு நோட்டீஸ், 15 நாள் கெடு. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள், சிலர் அதிலேயே இறங்கி வருவார்கள். அப்படியும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். 'ஒரிஜினல் ஆர்.சி. உண்டு' என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழிக்காதீர்கள். இது வியாபாரிக்கு மட்டும்தான். தன் சொந்தக் காரை விற்ற தனிநபர் மீது நுகர்வோர் ஆணையம் போக முடியாது. அதற்கு சிவில் கோர்ட்.