வாசகர் கேள்வி–பதில்: ஏற்றத்தில் கரும்புகை

கேள்வி: ஹட்டன் – நுவரெலியா பாதையில் தனியார் பஸ் ஓட்டுகிறேன். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் சித்தியடைகிறது. ஆனால் தலவாக்கலை தாண்டி ஏறும்போது, பின்னால் வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குக் கரும்புகை. கோளாறு எங்கே?
– வாசகர், ஹட்டன்

பதில்: பரிசோதனையில் வண்டி நியூட்ரலில் நிற்கும். எக்ஸலேட்டரை மிதித்துப் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மலையேறும் பாரம் அங்கே எஞ்சினுக்கு இல்லை. ஆகவே சான்றிதழும் சரி, நீங்கள் காணும் புகையும் சரி.

கரும்புகை வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று அர்த்தம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பழைய எஞ்சினில், காற்று குறைந்தாலும் பம்ப் அதே அளவு டீசலைத்தான் தள்ளும். எரியாத மிச்சம் கரியாக வெளியேறும். அதுவும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல்தான்.

முதலில் எயார் பில்டரைக் கழற்றுங்கள். உள்ளிருந்து வெளியே, 30 பி.எஸ்.ஐ.க்கு மேற்படாமல் காற்றடியுங்கள். அழுத்தம் கூடினால் தாள் கிழியும். பிறகு இருட்டில் உள்ளே பல்ப் ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தாலும் அந்தப் பில்டர் வேண்டாம், அந்த ஓட்டையால் போகும் தூசி பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும். டர்போ உள்ள வண்டியென்றால் அதன் ரப்பர் குழாய்களின் கிளிப் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே காற்றும் கசியும். அடுத்தது, எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். டெஸ்ட் மெஷினில் டீசல் பனிப்புகை போலச் சிதற வேண்டும், சொட்டினால் அதன் முனையான நொசிலை மாற்றுங்கள்.

பம்ப் கடைசியில்தான். இழுவை போதவில்லை என்று பம்பின் சீலை (முத்திரையை) உடைத்து டீசலைக் கூட்டிவைப்பது மலைப்பாதை பஸ்களில் பெரிய வியாதி. பம்ப் கராஜில் கொடுத்து, கம்பனி சொன்ன அளவுக்கே திருப்பி வையுங்கள். இழுவை சற்றுக் குறையத்தான் செய்யும். எஞ்சின் திணறி உதறும் முன்பே கியரைக் குறைத்தால் சமாளிக்கலாம். மேல் கியரிலேயே இழுத்துக்கொண்டு போவதுதான் கூடுதல் புகை தரும்.

கேள்வி: காலையில் ஸ்டாண்டில் அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு வைக்கிறார்கள். கேட்டால் குளிருக்குச் சூடாக வேண்டுமாம். என் மகளுக்கு இழுப்பு இருக்கிறது.
– வாசகி, பண்டாரவளை

பதில்: நின்றபடி ஓடும் டீசல் எஞ்சின் சரியாகச் சூடாவதே இல்லை. ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, மெதுவாக ஓட்டத் தொடங்கினால்தான் சூடேறும். பல பஸ்களில் உண்மைக் காரணம் வேறு: இரவோடிரவாக எயார் பிரேக்குக்குக் காற்றைச் சேமிக்கும் தாங்கி வெறுமையாகிவிடுகிறது. அது நிரம்பாமல் பஸ்ஸை எடுக்கவும் கூடாது. எஞ்சினை நிறுத்தியதும் காற்றழுத்தக் கேஜ் முள் மளமளவென்று இறங்கினால், சவர்க்கார நீரை மூட்டுகளில் பூசிப் பார்க்கட்டும். குமிழி வரும் இடம்தான் கசிவு. டைம் கீப்பரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள், மறுக்க நியாயமில்லை.

காற்றில்லாத குளிர்காலையில் பள்ளத்தாக்கில் குளிர்காற்று தேங்கி, வெயில் ஏறும்வரை புகையை மேலே போக விடாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் டீசல் புகையைப் புற்றுநோய் தரும் பொருளென 2012 இல் வகைப்படுத்தியது. இழுப்புள்ள பிள்ளைக்குத் தொல்லை அன்றன்றே வரும். சைலன்சர் பக்கம் நிற்காமல் தள்ளி, காற்று வரும் திசையில் நில்லுங்கள். துணி மாஸ்க் இந்த நுண்கரியைத் தடுக்காது. வைத்தியர் தந்த இன்ஹேலர் புத்தகப்பையில் இருக்கட்டும்.

கேள்வி: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகுமா?
– வாசகர், இறம்பொடை

பதில்: ஆகாது. கியரில் இருக்கும்போதே எக்ஸலேட்டரை விட்டால் பம்ப் டீசலை நிறுத்திவிடும், சக்கரமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலிலோ எஞ்சின் நிற்காமலிருக்க டீசல் எரியும், பாரம் முழுவதும் பிரேக்கில் விழும். லைனிங் சூடேறினால் பிரேக் பிடிக்காது. இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், வேகம் கூடிய பிறகு கியர் விழாது.