அப்பாவின் ரைபிளில் ஏறிய கரியும் செம்பும்

கேள்வி: ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற அப்பா வைத்திருந்த .315 ரைபிள், இப்போது முறைப்படி லைசென்ஸ் மாறி என் பெயருக்கு வந்திருக்கிறது. ஏழெட்டு வருடம் உறைக்குள்ளேயே கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் குழலுக்குள் ஒரே கறுப்பு. எத்தனை முறை எண்ணெய்த் துணி விட்டாலும் கறுப்பாகவே வருகிறது. வாய்ப்பக்கம் செம்பு நிறத்தில் கோடுகளும் தெரிகின்றன. கம்பியில் உப்புத்தாள் சுற்றித் தேய்க்கச் சொல்கிறார் ஒருவர், ஆசிட் ஊற்றச் சொல்கிறார் இன்னொருவர். எது சரி? - உசிலம்பட்டி வாசகர்

பதில்: இரண்டுமே வேண்டாம். உப்புத்தாள் அழுக்கோடு சேர்த்து உள்ளே இருக்கும் மரையின் விளிம்பையும் மழுக்கிவிடும். தோட்டாவைச் சுழற்றி நேராக அனுப்புவதே அந்த விளிம்புதான். ஆசிட் இன்னும் மோசம். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் இரும்பைத்தான் அரிக்கும், செம்பை அவ்வளவாகத் தொடாது. அழுக்கு அப்படியே இருக்கும், குழல் போய்விடும்.

உங்கள் குழலுக்குள் இருப்பது ஒரே வகை அழுக்கு இல்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் வெடிமருந்து எரிந்த கரி படியும். அதன் மேல் குண்டின் மேலுறைச் செம்பு இழுபட்டு ஒட்டும். அடுத்த தோட்டாவில் அதன் மேல் மறுபடி கரி. பழைய வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பாக அடித்திருப்பார்களே, அப்படி. கரியைக் கரைக்கும் மருந்து செம்பைத் தொடாது, செம்பைக் கரைப்பது கரியைத் தொடாது. அதனால்தான் ஒரே எண்ணெயை எத்தனை நாள் விட்டாலும் தீரவில்லை. கரி, செம்பு, மறுபடி கரி என்று மாற்றி மாற்றித்தான் எடுக்க வேண்டும்.

முதலில் மேகசினையும், குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டையும் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். அப்பா 'புல்-த்ரூ' (pull-through) என்ற கயிற்றில் துண்டுத் துணி கட்டிக் குழல் வழியாக இழுத்ததைப் பார்த்திருப்பீர்கள். அன்றாடத் துடைப்புக்கு அது போதும், இந்த அளவு படிவுக்குப் போதாது. மேலே உறை போட்ட ஒற்றைக் கம்பி ராடும், 8 எம்எம் பிரஷ்ஷும் வேண்டும். ராடைப் பின்பக்கம், அதாவது சேம்பர் வழியாகவே விடுங்கள். வாய் வழியாக விட்டால் ராடு உரசி வாய் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்துவிடும். அப்புறம் குறி தப்பிக்கொண்டே இருக்கும். ஓய்வுபெற்றவர்கள் கொண்டுவரும் துப்பாக்கிகளில் அழுக்கால் கெட்டதைவிட, இப்படித் துடைத்தே கெட்டதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கரி சேம்பரை ஒட்டிய முதல் இரண்டு அங்குலத்தில்தான் கெட்டியாக இருக்கும். துருப்பிடித்த நட்டைக் கழற்ற அடிக்கும் ஊடுருவும் எண்ணெயை அங்கே தாராளமாக விட்டு ஒரு ராத்திரி ஊறவையுங்கள். காலையில் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் பத்துப் பதினைந்து முறை, ஒவ்வொரு முறையும் வாயைத் தாண்டி முழுசாக வெளியே வரும்படி தள்ளுங்கள். நடுவில் திருப்பினால் பிரஷ் மடங்கும். பிறகு துணி. வாகன உதிரிபாகக் கடையில் கிடைக்கும் கார்புரேட்டர் கிளீனரும் கரிக்கு நல்லது. மரக்கட்டையில் பட்டால் மட்டும் பாலிஷ் போய்விடும், பழைய துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

துணியில் கறுப்பு குறைந்து சாம்பல் நிறமானதும் செம்புக்கு வாருங்கள். புளி போட்டால் செம்புக் குடம் பளிச்சென்று ஆகிறதே என்று தோன்றலாம். புளி நீக்குவது மேலே உள்ள களிம்பை மட்டும்தான், உலோகம் அப்படியே இருக்கும். இங்கே உலோகமே கரைய வேண்டும். அதைச் செய்வது அமோனியா கலந்த செம்புக் கரைப்பான். துப்பாக்கிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கரிக்கு விட்ட எண்ணெயையும் கிளீனரையும் நன்றாகத் துடைத்தெடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு இதை விடுங்கள். டப்பாவில் சொன்ன நேரத்துக்கு மேல் குழலுக்குள் நிற்கக் கூடாது. பிளீச்சிங் பவுடரோ அதன் கரைசலோ பக்கத்திலேயே வேண்டாம். அமோனியாவோடு சேர்ந்தால் நச்சுவாயு வரும்.

துணி வெளியே வரும்போது பாருங்கள், தோட்டத்துக்குக் கரைக்கிற மயில்துத்தம் மாதிரி நீலம் இறங்கியிருக்கும். அதுதான் கரைந்த செம்பு. இந்தக் கட்டத்தில் நைலான் பிரஷ்ஷும் பிளாஸ்டிக் முனையும்தான் வேண்டும். பித்தளை இருந்தால் அதுவே கரைந்து நீலம் காட்டும், குழல் சுத்தமான பிறகும் நீங்கள் தேய்த்துக்கொண்டே இருப்பீர்கள். நீலம் நின்றதும் கரிக்குத் திரும்புங்கள். வெளிறியிருந்த துணி மறுபடி கறுப்பாக வரும். பயப்பட வேண்டாம், அடுத்த அடுக்கு திறந்திருக்கிறது. ஏழெட்டு வருடம் கிடந்த குழலுக்கு மூன்று நான்கு நாள் ஆனாலும் நியாயம்தான்.

இதில் சுட்ட தோட்டாக்கள் மிகப் பழையவை என்றால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை உண்டு. அந்தக் காலத்து பிரைமர், அதாவது தோட்டாவின் அடியில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் மூடி, எரிந்தால் உப்பு மிஞ்சும், அது ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். உப்பு எண்ணெயில் கரையாது. கொதிக்கும் தண்ணீரைக் குழல் வழியாக ஊற்றி உடனே காயத் துடைக்க வேண்டும். .303 ரைபிள் காலத்துச் சிப்பாய்களுக்கு இது பழக்கமான வேலை.

எப்போது நிறுத்துவது? மெக்கானிக்குகள் போனில் மாட்டிப் பார்க்கும் 5.5 எம்எம் கேமரா உங்கள் குழலுக்குள் தாராளமாகப் போகும். செம்புக் கோடுகள் மறைந்து, மரை சீராகத் தெரிந்தால் போதும். ஆங்காங்கே கரும்புள்ளிகள் மிச்சமிருந்தால் அவை துரு தின்ற பள்ளங்கள். அவற்றைத் தேய்த்து எடுக்க முடியாது, முயலவும் கூடாது. வெடிப்போ, வளையம் மாதிரி வீக்கமோ தெரிந்தால் சுடவே வேண்டாம், லைசென்ஸ் உள்ள துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். குறையில்லை என்றாலும், இத்தனை வருடம் கழித்துச் சுடும் முன் அவர் ஒருமுறை பார்ப்பது நல்லது.

கடைசியில் தையல் மெஷின் எண்ணெய் லேசாகப் பூசுங்கள். தேங்காயெண்ணெய் நாள்பட்டால் பிசுக்காகும். ரேஞ்சில் சுடும் முன் அந்த எண்ணெயையும் உலரத் துடைத்துவிட வேண்டும். முதல் சில குண்டுகள் பழைய இடத்தில் விழாது, அதற்காகக் குறிபார்க்கும் சைட்டைத் திருகிவிடாதீர்கள். அப்புறம், அந்தப் பழைய உறையில் மறுபடி போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைத் துணியும் தோலும் பிடித்துவைத்துக்கொள்ளும். பூட்டிய அலமாரியில் உறையில்லாமல் நிற்கட்டும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை ஒரு துணி விட்டுப் பாருங்கள்.