பள்ளத்துக் காட்டில் தண்ணீர் நின்றுவிட்டது: கிழங்கு நடவை எப்போது தொடங்கலாம்?

கேள்வி: ஊட்டி நஞ்சநாடு பக்கம் பள்ளத்தில் ஒரு ஏக்கர் காடு (விளைநிலம்). கார்போகத்துக்கு (ஏப்ரல் வாக்கில் நடும் போகம்) உருளைக்கிழங்கு போட ஏப்ரல் தொடக்கத்தில் பார் (மண் வரப்பு) பிடித்து அடியுரமும் வைத்தோம். ஒரு வாரம் விடாமல் மழை. மேல் காட்டுத் தண்ணீரும் சேர்ந்து இறங்கி, மூன்று நாள் தேங்கி நின்றது. வாங்கி வைத்த விதைக்கிழங்கு முளை நீண்டுகொண்டே போகிறது. வெயில் தலைகாட்டியதும் நட்டுவிடலாமா? வைத்த உரம் போனது போனதுதானா?

பதில்: வெயில் வந்த மறுநாளே காட்டில் இறங்காதீர்கள். மேல்மண் வெளுத்து, காய்ந்தது போலத் தெரியும். ஒரு சாண் ஆழத்தில் சேறாகவே இருக்கும். அந்த நிலையில் பவர் டில்லர் ஓட்டினால் மண் பிசைந்துபோய், பிறகு காய்ந்து இறுகிவிடும். இறுகிய மண்ணில் கிழங்கு பருக்காது. அடுத்துப் போடும் கேரட்டும் கவை விட்டு வரும், சந்தையில் அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இரண்டு வாரத் தாமதத்தைச் சமாளிக்கலாம். கெட்ட மண்ணைத் தேற்ற ஒரு போகம் போதாது.

எப்போது இறங்கலாம் என்பதை மண்ணைத் தொட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருண்டை பிடியுங்கள். கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் பொலபொலவென்று உதிர வேண்டும். உதிராமல் விரல் அச்சு மட்டும் பதிந்தாலோ, உள்ளங்கையில் ஈரம் மினுங்கினாலோ இன்னும் பொறுங்கள். மேட்டோரம், நடுக்காடு, தாழ்ந்த மூலை என மூன்று இடங்களில் பாருங்கள். தாழ்ந்த மூலை உதிரும் வரை டில்லரை இறக்க வேண்டாம்.

அதுவரை விதைக்கிழங்கை மூட்டையில் வைக்கக் கூடாது. நேர் வெயில் படாமல் வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள ஷெட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். இருட்டில் வளரும் முளை வெளிறி நீண்டு, கை பட்டாலே ஒடியும். வெளிச்சம் பட்டால் குட்டையாக, தடித்து, பச்சையேறி நிற்கும். ஒடிந்த முளை மறுபடி வரும், ஆனால் அப்படித் திரும்பத் திரும்ப ஒடிந்தால் விதையின் வீரியம் போய்விடும். நீர் கசிவதையும் நாற்றம் அடிப்பதையும் தினமும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். இந்த முறை வெட்டி நட வேண்டாம், ஈர மண்ணில் வெட்டுவாய் வழியாக அழுகல் ஏறும். 40-50 கிராம் எடையுள்ள முழுக்கிழங்காக நடுங்கள்.

உரம் முழுக்கப் போகவில்லை. தழைச்சத்தில்தான் (நைட்ரஜன்) பெரும் இழப்பு இருக்கும்: ஒரு பங்கு நீரோடு கரைந்திருக்கும், இன்னொரு பங்கு காற்றில்லாத மண்ணில் வாயுவாக மாறிப் போயிருக்கும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) நம் மலையின் புளிப்பு மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்; மண் அரித்துப் போகாதவரை அது அங்கேயே இருக்கும். எனவே அடியுரத்தை மறுபடி முழுசாக வைத்துக் காசை வீணாக்காதீர்கள். செடி வளர்ந்து அதன் அடியில் மண் அணைக்கும்போது தழைச்சத்தை மட்டும் ஈடுசெய்தால் போதும். அதையும் அள்ளிப் போட வேண்டாம், தழை மதமதவென்று வளர்ந்தால் செடியைக் கருக்கும் பின்கருகல் நோய்க்குக் கொண்டாட்டம்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது மேல் காட்டிலிருந்து வந்த அந்தத் தண்ணீர். 1961-இல் நீலகிரியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட, உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு, அடித்து வரும் மண்ணோடு காட்டுக்குக் காடு தாவும். ஒருமுறை வந்துவிட்டால் அதன் முட்டைக்கூடுகள் ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். ஆகவே காத்திருக்கும் நாட்களிலேயே காட்டின் மேல் ஓரத்தில் சரிவுக்குக் குறுக்கே ஒரு தடுப்பு வாய்க்கால் வெட்டுங்கள். லேசான சாய்வு கொடுத்து, புல் மூடிய ஓடையில் கொண்டுபோய் விடுங்கள். அது பக்கத்துக்காரர் காட்டில் பாயாதபடி, அவரோடு பேசிவிட்டு வெட்டுங்கள். காட்டுக்குள்ளும் தாழ்ந்த மூலையிலிருந்து தண்ணீர் வெளியேற ஒரு வடிகால் வேண்டும்.

எத்தனை நாள் காத்திருக்கலாம்? மே நடுப்பகுதி வரை என்பேன். அதற்குப் பின் நட்டால், செடி தழைக்கும் நேரமும் தென்மேற்குப் பருவமழையும் ஒன்றாக வரும். குளிரும் விடாத ஈரமும் சேரும் அந்த நாட்களில் பின்கருகல் சில நாட்களிலேயே காட்டைக் கருக்கிவிடும். குந்தா, ஊட்டி பக்கம்தான் இந்தப் பயம் அதிகம். கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கூடுதல் என்பதால் கொஞ்சம் தாராளம் உண்டு. கெடு தாண்டிவிட்டால் இந்தப் போகம் கிழங்கை விட்டுவிட்டு, உயர்த்திய பாத்தியில் பீட்ரூட்டோ பீன்ஸோ போடுங்கள். முட்டைக்கோஸ் வேண்டாம், ஈரமான புளிப்பு மண்ணில் அதன் வேர் முண்டுமுண்டாக வீங்கும் நோய் வரும். ஆகஸ்டில் கடைபோகத்துக்குக் கிழங்கு போடலாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும், அப்போதும் வடிகால் இல்லாமல் முடியாது.

இனி விதை வாங்கும்போது குப்ரி சுவர்ணா, குப்ரி நீலிமா போன்ற நூற்புழுவைத் தாங்கும் ரகம் கிடைக்குமா என்று முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். எந்த ரகம் நட்டாலும், பூக்கும் சமயத்தில் தண்ணீர் புகுந்த ஓரத்தில் நாலைந்து செடிகளை மண்ணோடு கவனமாகத் தோண்டி எடுத்து வேரைப் பாருங்கள். குண்டூசித் தலையளவு வெள்ளை, மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தால் நூற்புழு வந்துவிட்டது. அந்தப் பகுதியில் ஓட்டிய டில்லரைக் கழுவாமல் அடுத்த காட்டுக்கு அனுப்பாதீர்கள், அங்கே விளைந்த கிழங்கை விதைக்கு எடுக்காதீர்கள்.